டிராகன் கொடுத்த விசா

தடியால் நூறு அடி. அது முடிந்ததும் மூன்று வருடம் கட்டாய உழைப்பு.

கொலையா? கொள்ளையா? ஊஹூம்! வீட்டுச் சுவரில் ஒரு டிராகன். அதுதான் குற்றம்!

1368 முதல் 1644 வரை சீனாவை ஆண்ட மிங் வம்சத்தின் சட்டப் புத்தகம் இப்படித்தான் சொல்கிறது. அரச குடும்பத்துக்கு உரிய டிராகன், ஃபீனிக்ஸ் உருவங்களை வேறு யாராவது அத்துமீறிப் பயன்படுத்தினால் இந்தத் தண்டனை. பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, ஏழைக் குடியானவனாக இருந்தாலும் சரி, சலுகை கிடையாது. அதைச் செய்துகொடுத்த கைவினைஞருக்கும் நூறு அடி உண்டு. அடுத்து வந்த மஞ்சு இனத்து சிங் வம்சமும் இதே சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

இப்போது உங்கள் ஊர் சைனீஸ் ரெஸ்டாரன்ட் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாசலில் இரண்டு சிங்கங்கள். உள்ளே ரத்தச் சிவப்பில் தூண்கள். தூணைச் சுற்றித் தங்கநிற டிராகன். கூரையிலிருந்து தொங்கும் சிவப்பு விளக்குகள். சுவரில் இன்னொரு டிராகன். மெனு கார்டு அட்டையில் ஒன்று. போதாததற்கு ‘டிராகன் சிக்கன்’ வேறு! மிங் காலத்து நீதிபதி யாராவது உள்ளே வந்தால், முதலாளிக்கு மொத்தம் எத்தனை அடி என்று கூட்டிப் பார்க்கவே அவருக்கு அரை நாள் ஆகும்.

சக்ரவர்த்திக்கு மட்டும் என்றிருந்த இந்த அலங்காரமெல்லாம் நூடுல்ஸ் விற்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது?

‘இதென்னங்க கேள்வி... சீனர்கள் ஹோட்டல் வைத்தார்கள், அவர்கள் ஊர் டிசைனில் கட்டினார்கள். அவ்வளவுதானே?’ என்பீர்கள். அதுதான் இல்லை! இந்த ஸ்டைலைப் பிரபலமாக்கியவர்களில் பெரும்பாலோர் அரண்மனையைக் கண்ணால்கூடப் பார்க்காத கிராமத்து ஜனங்கள். அழகுக்காக மட்டும் அவர்கள் அதைச் செய்யவும் இல்லை. இருக்கிற இடத்திலிருந்து துரத்தப்படாமல் இருப்பதற்காகச் செய்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைத் தங்களோடு சேர்த்துக்கொள்வதற்காகச் செய்தார்கள்.

எப்படி? முதலில் ஒரிஜினலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

*

1406-ல் யோங்லே சக்ரவர்த்தி பீஜிங்கில் ஒரு புதிய அரண்மனை கட்ட உத்தரவிட்டார். 14 வருட வேலை. 1420-ல் முடிந்தது. சாதாரண ஜனங்கள் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்பதால் அதன் பெயரே ‘தடைசெய்யப்பட்ட நகரம்’. மிங், சிங் என்று இரண்டு வம்சத்தையும் சேர்த்து 24 சக்ரவர்த்திகள் அங்கிருந்து ஆண்டார்கள்.

அந்தக் கட்டடக்கலையில் அழகு என்பது ரேஷன் கடை சமாசாரம் மாதிரி. யாருக்கு எவ்வளவு என்று அளந்து வைத்திருந்தார்கள்.

கூரை ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் மஞ்சள் ஓடு என்றால் சக்ரவர்த்தி. இளவரசர்களின் மாளிகைக்குப் பச்சை. பொதுஜனத்துக்கு வெறும் சாம்பல் நிற ஓடு. அரண்மனைக்குள்ளேயே ஒரே ஒரு முக்கியமான விதிவிலக்கு, நூலகக் கட்டடம். அதற்குக் கறுப்பு ஓடு! சீனர்களின் பஞ்சபூதக் கணக்கில் கறுப்பு, தண்ணீரின் நிறம். புத்தகங்களை நெருப்பு தொடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

கூரையின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குட்டிக் குட்டி மிருக பொம்மைகளுக்கும் கணக்கு உண்டு. கட்டடத்தின் அந்தஸ்தைப் பொறுத்து மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறும். பட்டாபிஷேகம் நடக்கும் பெரிய மண்டபத்துக்கு மட்டும் பத்து. பிரதான வாசற்கதவுகளில் குமிழ் குமிழாகப் பித்தளை ஆணிகள்... ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது. மொத்தம் 81. ஒன்பது, சக்ரவர்த்தியின் எண்.

டிராகனின் காலில் எத்தனை நகம் என்பதுகூட ராஜாங்க விஷயம்! ஐந்து நகம் என்றால் சக்ரவர்த்தியும் அவருக்கு மிக நெருங்கியவர்களும். அதற்குக் கீழே உள்ள பிரபுக்களுக்கு நாலு நகம். அந்த நாலு நகப் பிராணியை டிராகன் என்று சொல்லவே கூடாது. ‘மாங்’ என்று வேறு பெயர். மலைப்பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே ஒரு நகம் குறைந்ததில் டிராகன் பாம்பாகிவிட்டது!

சரி, சாதாரண மனிதன் எப்படி வீடு கட்டலாம்? மிங் காலத்து விதிப்படி, தூணுக்குத் தூண் மூன்று இடைவெளி அகலத்துக்கு மேல் போகக்கூடாது. வண்ணம் தீட்டக்கூடாது. தூணுக்கும் கூரைக்கும் நடுவே மரத்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்குவார்களே (நம் கோயில் தூண்களின் உச்சியில் வரும் போதிகைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்), அதுவும் கூடாது. சக்ரவர்த்தியின் பெரிய மண்டபமோ பதினோரு இடைவெளி அகலம். உள்ளே 72 பிரம்மாண்டத் தூண்கள். எல்லாம் சிவப்பு. சிம்மாசனத்தைச் சுற்றி இருக்கும் ஆறு தூண்களில் மட்டும் தங்கமுலாம் பூசிய டிராகன்கள் சுற்றிக்கொண்டு ஏறும். அண்ணாந்து பார்த்தால் கூரையின் நடுவில் கிணறு மாதிரி ஒரு குடைவு. அதற்குள்ளிருந்து இன்னொரு டிராகன், வாயில் பளபளக்கும் உருண்டையோடு சிம்மாசனத்தை எட்டிப் பார்க்கும்.

அந்த ஆறு தூண்களும் கூரையும்தான் இன்றைக்கு உலகம் முழுவதும் ரெஸ்டாரன்ட்களில் காப்பியடிக்கப்படுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வளவு பெரிய அரண்மனையில் சக்ரவர்த்திக்கென்று நிலையான சாப்பாட்டு அறை கிடையாது! கடைசிச் சக்ரவர்த்தி பூ யி தன் சுயசரிதையில் விவரிக்கிறார். சாப்பிடும் நேரம் இன்னது என்று இல்லை. அவருக்குத் தோன்றும்போது சொல்வார். உத்தரவு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவிச் சமையலறை வரை ஓடும். உடனே அரவாணிப் பணியாளர்கள் கூட்டமாக மேஜைகளைத் தூக்கிக்கொண்டு, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே வந்துவிடுவார்கள். ஒவ்வொரு பதார்த்தத்திலும் விஷம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளித் தகடு. அதற்கும் மேலே, ருசி பார்த்துச் சொல்ல ஒரு ஆள். இத்தனைக்கும் முன்னால் பரப்பி வைத்ததெல்லாம் பெரும்பாலும் பார்வைக்குத்தான். அவர் நிஜமாகச் சாப்பிட்டது ராஜமாதாக்களின் சமையலறையிலிருந்து தனியாக வந்தது!

ஆக, டிராகன் தூணுக்குக் கீழே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் அரண்மனையில் என்றைக்குமே கிடையாது. அது வேறு கண்டத்தில் பிறந்த வழக்கம்.

*

1848-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. செய்தி தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக்குப் போனது. பஞ்சமும் கலவரமும் வாட்டிக்கொண்டிருந்த நேரம். தாய்ஷான் பகுதிக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தங்க மலை’. பீஜிங் அரண்மனை அவர்கள் கிராமத்திலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே. அதைப் பார்த்தவர் எவரும் அந்தக் கப்பல்களில் இருந்திருந்தால் ஆச்சரியம்தான்.

சுரங்கம் தோண்டினார்கள். மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டார்கள். கண்டத்தின் குறுக்கே ஓடும் அந்தப் பாதையின் மேற்குப் பகுதியில் பத்தாயிரத்துக்கும் அதிகமான சீனர்கள் வேலை செய்தார்கள். 1869-ல் பாதை முடிந்தது. அதோடு மரியாதையும் முடிந்தது. ‘எங்கள் வேலையைப் பிடுங்குகிறார்கள்’ என்று வெள்ளைத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். 1882-ல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளி எவரும் இனி அமெரிக்காவுக்குள் வரக்கூடாது. ஏற்கெனவே இருப்பவர்கள் குடியுரிமை கேட்கக்கூடாது.

சட்டத்தில் சில சந்துகள் இருந்தன. மாணவர், ஆசிரியர், அரசுத் தூதர்... அப்புறம் வணிகர். இவர்களெல்லாம் வரலாம். வணிகர் என்று நிரூபித்துவிட்டால் சொந்த ஊருக்குப் போய்வரலாம், மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிவரலாம். தொழிலாளிக்கு அதெல்லாம் கிடையாது. ‘வணிகர்’ என்ற அந்த ஒரு வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

இந்தக் கதையின் ஹீரோ என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், லுக் டின் ஈலை என்பவரைச் சொல்லலாம். 1870-ல் கலிஃபோர்னியாவின் மெண்டோசினோ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கடைக்காரர். சின்னப் பையனாக இருக்கும்போது படிப்பதற்காகச் சீனாவுக்கு அனுப்பினார்கள். 1884-ல், 14 வயதில், திரும்பி வந்து சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இறங்கப் பார்த்தால்... ‘நீ சீனன். உள்ளே வர முடியாது’ என்று தடுத்துவிட்டார்கள். பிறந்த நாட்டிலேயே!

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. ‘அமெரிக்க மண்ணில் பிறந்தவன் அமெரிக்கன்தான்’ என்று தீர்ப்பு வந்தது. 14 வயதுப் பையன் ஜெயித்தான். பின்னாளில் 1898-ல் வாங் கிம் ஆர்க் என்பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அந்த வாங் கிம் ஆர்க் யார் தெரியுமா? ஒரு சமையல்காரர்!

*

1906, ஏப்ரல் 18. அதிகாலை 5 மணி 12 நிமிடம். சான் ஃபிரான்சிஸ்கோ குலுங்கியது.

பூகம்பத்தைவிட அதைத் தொடர்ந்த தீதான் ஊரைத் தின்றது. சைனாடவுன் முழுசாகச் சாம்பல். மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை.

நகரத்துப் பெரிய மனிதர்கள் சிலருக்கு இது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. சைனாடவுன் இருந்தது நகரத்தின் நட்ட நடுவே, தங்கமான இடத்தில். ‘சீனர்களை ஊருக்கு வெளியே, தெற்குக் கோடியில் ஹன்டர்ஸ் பாயின்ட்டுக்கு அனுப்பிவிடலாம்’ என்று பேச ஆரம்பித்தார்கள். அதற்காகக் கமிட்டிகூடப் போட்டாகிவிட்டது.

சீனர்கள் விடவில்லை. சீன அரசின் தூதரக அதிகாரிகள் வந்தார்கள். ‘எங்கள் துணைத் தூதரகம் இருந்த மனை எங்களுக்குச் சொந்தம். அதே இடத்தில்தான் திரும்பக் கட்டுவோம்’ என்றார்கள். சைனாடவுனில் நிலம் வைத்திருந்த வெள்ளைக்கார முதலாளிகளுக்கு வாடகை போய்விடுமே என்ற கவலை. நகர நிர்வாகத்துக்கு வரியும் கீழை நாட்டு வியாபாரமும் கைநழுவிவிடுமோ என்ற பயம். இடமாற்றத் திட்டம் மெதுவாகக் கைவிடப்பட்டது.

ஆனால் இன்று விட்டவர்கள் நாளை மறுபடியும் கிளம்ப மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? லுக் டின் ஈலை யோசித்தார். அவர் அப்போது சிங் சாங் என்ற பெரிய கடையை நிர்வகித்துக்கொண்டிருந்த வணிகர். பழைய சைனாடவுன் பார்க்க மற்றத் தெருக்களைப் போலவே செங்கல் கட்டடங்களாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் கண்ணில் அது அழுக்கு, நோய், அபின், சூதாட்டம். அதையே ஊருக்கு வருகிறவர்கள் காசு கொடுத்து வந்து பார்க்கும் இடமாக மாற்றிவிட்டால்? அப்புறம் எந்த மேயர் அதன்மேல் கை வைப்பார்?

கலிஃபோர்னியா தெருவும் இப்போது கிரான்ட் அவென்யூ எனப்படும் டூபான்ட் தெருவும் சேரும் முனையில் சிங் சாங், சிங் ஃபாட் என்று இரண்டு கட்டடங்கள் எழுந்தன. டிசைன் செய்தவர்கள் பேட்டர்சன் ராஸ் என்ற ஆர்க்கிடெக்டும் பர்க்ரென் என்ற இன்ஜினீயரும். இருவரும் சீனாவுக்குப் போனதே இல்லை! உடம்பு முழுக்க அமெரிக்கக் கட்டடம். தலையில் மட்டும் வளைந்த சீனக் கூரை, உச்சியில் பகோடா.

பகோடா என்பது பௌத்தக் கோயிலைச் சேர்ந்த கோபுரம். அதைக் கடையின் மொட்டை மாடியில் வைப்பது என்பது, நம் ஊரில் ஜவுளிக்கடை உச்சியில் ராஜகோபுரம் வைத்த மாதிரி! சீனாவிலிருந்து யாராவது வந்து பார்த்திருந்தால் தலை சுற்றியிருக்கும். ஆனால் இது சீனாவிலிருந்து வருகிறவருக்காகக் கட்டியது இல்லையே. சிகாகோவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ரயிலில் வருகிறவருக்காகக் கட்டியது. அவர்கள் மயங்கினார்கள். சைனாடவுன் தப்பித்தது. மற்ற ஊர்களின் சைனாடவுன்களும் இதைப் பார்த்துக் கூரையை வளைத்துக்கொண்டன.

அதே தீயில் இன்னொன்றும் நடந்தது. நகராட்சியின் பிறப்புப் பதிவேடுகளும் எரிந்துபோயின. ‘நான் இங்கேதான் பிறந்தேன்’ என்று சொன்னால் ‘இல்லை’ என்று காட்ட ஆதாரம் இல்லை. அப்படிக் குடியுரிமை பெற்றவர்கள், ஊரில் இல்லாத மகன்களைக் காகிதத்தில் பெற்றெடுத்து, அந்தப் பெயரில் மற்றவர்களை வரவழைத்தார்கள். ‘காகித மகன்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். அது தனிக் கதை.

*

வெளியே பகோடா. உள்ளே?

உள்ளே சாப் சூயி! நம் ஊர் மெனு கார்டில் ‘அமெரிக்கன் சாப்ஸி’ என்று வருகிறதே, அதன் பாட்டன். சீனாவின் ராஜதந்திரி லி ஹுங்சாங் 1896-ல் நியூயார்க் வந்தபோது அவருடைய சமையல்காரர் கண்டுபிடித்தது என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள். அதற்கு முன்பே அமெரிக்காவில் அது இருந்தது. ஆனால் அவர் வருகையால் சீனச் சாப்பாட்டின் மேல் ஒரு மோகம் பிறந்தது நிஜம். சாப் சூயி என்றால் ‘கலவையான துண்டு துணுக்குகள்’. கதம்பம்.

1897-ல் நியூயார்க்கின் மாட் தெருவில் போர்ட் ஆர்தர் என்ற ரெஸ்டாரன்ட் வந்தது. செதுக்கிய மரத் தடுப்புகள், முத்துச்சிப்பி பதித்த மேஜைகள், தொங்கும் விளக்குகள் என்று அமர்க்களம். 1906-ல் சிகாகோவில் கிங் ஜாய் லோ திறக்கப்பட்டது. அதற்குப் பணம் போட்டது யார் என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள். சீனச் சீர்திருத்தவாதி காங் யூவெய் நடத்திய ‘சக்ரவர்த்தியைக் காப்போம்’ சங்கம்! சீர்திருத்தம் செய்யப் பார்த்த குவாங்ஷு சக்ரவர்த்தியை, அவருடைய பெரியம்மா ஸீஷி ராணி பீஜிங்கில் வீட்டுக்காவலில் வைத்திருந்தார். அசல் அரண்மனையில் சக்ரவர்த்தி கைதி. அவர் ஆதரவாளர்களின் சங்கத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்க சிகாகோவில் ஒரு அலங்கார ஹோட்டல். எப்படி இருக்கிறது?

இப்போது அந்த ‘வணிகர்’ விஷயத்துக்கு வருவோம். துணிக்கடை, மளிகைக்கடை வைத்திருப்பவர் வணிகர். ஹோட்டல் நடத்துபவர்? அவர் வணிகர் அல்ல, தொழிலாளிதான் என்று குடியேற்ற அதிகாரிகள் சாதித்துவந்தார்கள். 1915-ல் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று, ஹோட்டல் முதலாளியும் வணிகர்தான் என்று தீர்ப்புச் சொன்னது. கதவு திறந்தது.

ஆனால் அதிகாரிகள் லேசில் விடுவார்களா? நிபந்தனை போட்டார்கள். ஹோட்டல் ‘உயர்தரம்’ ஆக இருக்க வேண்டும். ஆசாமி அதில் பெரும்பங்கு முதலீடு செய்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடம் நிர்வாகம் மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் கரண்டியைத் தொடக்கூடாது, தட்டு கழுவக்கூடாது, பரிமாறக்கூடாது. இதற்கெல்லாம் சீனர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பெட்டிக்கடை மாதிரி நாலு பெஞ்சு போட்டு நூடுல்ஸ் விற்றால் குடும்பம் வராது. அரண்மனை மாதிரி ஜோடித்தால் வரும்! தனி ஆளிடம் அவ்வளவு பணம் ஏது? சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து பணம் போட்டார்கள். பெரிய ஹாலாகப் பிடித்தார்கள். தூணுக்குச் சிவப்பு, தூணைச் சுற்றி டிராகன், கூரையில் பச்சையும் நீலமும் தங்கமுமாகக் கட்டம் கட்டமாகச் சித்திரம், வழியில் வட்டமான ‘நிலா வாசல்’. அந்த நிலா வாசல் அரண்மனை மண்டபத்துச் சரக்கே அல்ல, தோட்டங்களில் வருவது. தட்டில் இருந்தது மட்டுமல்ல, சுவரில் இருந்ததும் சாப் சூயிதான். அரண்மனைத் தூண், கோயில் கோபுரம், தோட்டத்து வாசல், எல்லாம் ஒரே கதம்பம். ‘சாப் சூயி அரண்மனைகள்’ என்றே பெயர் வந்துவிட்டது.

முதலாளி நாற்காலியில் ஒருவர் ஒரு வருடம், ஒன்றரை வருடம் உட்காருவார். வணிகர் அந்தஸ்துக் காகிதம் கையில் வந்ததும் ஊருக்குக் கப்பல் ஏறிப் போய்க் குடும்பத்தைக் கூட்டிவருவார். இங்கே அடுத்த கூட்டாளி அதே நாற்காலியில். முறை வைத்துக்கொண்டு சக்ரவர்த்தி ஆனார்கள்! நியூயார்க்கில் 1910-க்கும் 1920-க்கும் இடையில் சீன ஹோட்டல்களின் எண்ணிக்கை நாலு மடங்கானது. அடுத்த பத்து வருடத்தில் அது மறுபடியும் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. டிராகனுக்கு அவ்வளவு சக்தி.

கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். தன் சொந்த நாட்டில் ஒரு தாய்ஷான் விவசாயி டிராகனைச் சுவரில் வைத்தால் நூறு அடி. அமெரிக்காவில் டிராகனை வைக்காவிட்டால் அவன் குடும்பத்துக்கு இடமில்லை.

*

அதே நேரத்தில் அசல் அரண்மனையில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1912-ல் முடியாட்சி முடிந்தது. ஆனாலும் குட்டிச் சக்ரவர்த்தி பூ யி அரண்மனையின் பின்பகுதியில் வசிக்க அனுமதி இருந்தது. 1924, நவம்பர் 5-ம் தேதி ஃபெங் யூஷியாங் என்ற தளபதியின் ஆட்கள் வந்து, ‘மூட்டையைக் கட்டு’ என்று சொல்லிவிட்டார்கள். சக்ரவர்த்தியோடு அரண்மனைச் சமையல்காரர்களும் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

1925-ல் இரண்டு கதவுகள் திறந்தன. தடைசெய்யப்பட்ட நகரம் மியூசியமாகி, டிக்கெட் வாங்கிய யாரும் உள்ளே போகலாம் என்றானது. பக்கத்தில் அரச குடும்பத்தின் பெய்ஹாய் தோட்டம் பொதுப் பூங்கா ஆனது. அந்தப் பூங்காவின் ஏரிக்கரையில், வேலையிழந்த அரண்மனைச் சமையல்காரர்கள் சேர்ந்து ஒரு டீக்கடை போட்டார்கள். பட்டாணி மாவு கேக், சின்னச் சின்னச் சோள ரொட்டி. ஸீஷி ராணி 1900-ல் பீஜிங்கைவிட்டுத் தப்பியோடியபோது பசியில் சாப்பிட்ட ரொட்டியின் ராஜ பதிப்பு என்று அந்தச் சோள ரொட்டிக்கு ஒரு கதையும் சொன்னார்கள். கடையின் பெயர் ‘ஃபாங்ஷான்’. ‘அரண்மனைச் சாப்பாட்டைப் போலச் செய்தது’ என்று அர்த்தம். நகல் என்று பெயரிலேயே போட்டுக்கொண்ட நேர்மை! பிற்பாடு அது அரண்மனை அலங்காரத்தோடு பெரிய ரெஸ்டாரன்ட்டாக வளர்ந்தது.

கவனித்தீர்களா... பீஜிங்கில் அரண்மனைச் சாப்பாடு பொதுஜனத்துக்குக் கிடைப்பதற்கு முன்பே, அரண்மனையின் நகல் அமெரிக்காவில் கால் நூற்றாண்டாக வியாபாரம் செய்துகொண்டிருந்தது. 1938-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லி லோ என்பவர் ஒரு நைட் கிளப்பே திறந்தார். ஆட்டமும் பாட்டும் பெரும்பாலும் சீன அமெரிக்கர்கள். அதன் பெயர்? ‘ஃபர்பிடன் சிட்டி’!

இந்த மோகத்தின் உச்சம் ஹாங்காங்கில் மிதந்தது. காசினோ அதிபர் ஸ்டான்லி ஹோ 1976-ல் திறந்த ஜம்போ மிதக்கும் உணவகம். கட்டி முடிக்கும் தறுவாயில், 1971-ல், தீப்பிடித்து 34 பேர் இறந்த சோகத்தைத் தாண்டி எழுந்தது. மிங் அரண்மனை பாணியில் மூன்று அடுக்கு. 2,300 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். செதுக்கிய டிராகன் சிம்மாசனம் வேறு. ராணி எலிசபெத்திலிருந்து டாம் க்ரூஸ் வரை வந்து போனார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் மூடினார்கள். 2022 ஜூனில் கப்பல் கட்டி வேறிடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்போது தென்சீனக் கடலில் கவிழ்ந்துபோனது.

*

மறுபடியும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே வருவோம். கதையை அங்கேதான் முடிக்க வேண்டும்.

1943-ல், இரண்டாம் உலகப் போரில் சீனா கூட்டாளி ஆகிவிட்டதால், விலக்குச் சட்டத்தை அமெரிக்கா ரத்து செய்தது. தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு 105 பேர்தான் வரலாம்! 1965-ல்தான் நாடு பார்த்துக் கோட்டா வைக்கும் அந்த முறை ஒழிந்தது. ‘உயர்தர ஹோட்டலா?’ என்று சோதிக்கும் தேவை அதற்குப் பிறகு யாருக்கும் இல்லை.

1968-ல் சிசிலியா சியாங் என்ற பெண்மணி, சான் ஃபிரான்சிஸ்கோவின் கிரார்டெல்லி சதுக்கத்தில் தன் ‘மாண்டரின்’ ரெஸ்டாரன்ட்டைப் பெரிதாகத் திறந்தார். உள் அலங்காரத்துக்கு அவர் போட்ட கண்டிஷன்: சிவப்பு வேண்டாம், தங்கநிறம் வேண்டாம், டிராகன் வேண்டாம், தொங்கும் விளக்கும் வேண்டாம். அமெரிக்காவில் சீனச் சாப்பாட்டின் போக்கையே மாற்றியவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். 2020-ல், நூறு வயதில் இறந்தார்.

அவர் வளர்ந்த வீடு எது தெரியுமா? பீஜிங்கில், மிங் காலத்து மாளிகை ஒன்றில். 52 அறைகள்!

நிஜ மாளிகையில் வளர்ந்தவருக்கு நகல் அரண்மனை தேவைப்படவில்லை. ரசனை என்று அதைச் சொல்லலாம். ஆனால் ரசனைக்கு இடம் கொடுக்கும் காலத்தில் அவர் கடை திறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சிவப்புத் தூண்களைப் பார்த்து ‘சினிமா செட் மாதிரி இருக்கிறது’ என்று சிரிக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். செட்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூண்களுக்குப் பின்னால், புகை மண்டிய சமையலறையில், ஊரில் விட்டுவந்த மனைவியின் முகத்தைப் பத்து வருடமாகப் பார்க்காத ஒருவர், முதலாளி நாற்காலியில் தன் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டே கடாயைக் கிளறிக்கொண்டிருந்தார்.